சேவையில் குறையா? சிறு விவசாயி தட்டவேண்டிய கதவு எது?

கொல்லிமலையில் ஒரு தகராறு என்றால் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வது நெடுங்காலப் பழக்கம். மாடு பயிரை மேய்ந்துவிட்டது, வரப்பு நகர்ந்துவிட்டது, பலா மரம் யாருக்குச் சேர வேண்டியது என்பன போன்ற தகராறுகளில் இரு தரப்பினரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் நாளையும் வாழவேண்டும். ஆகையால் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. விவசாயி பணம் கொடுத்துப் பெறும் சேவைகளில் பல, மலைக்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து வருகின்றன. வங்கியின் தலைமையகம் ஓர் ஊரில். காப்பீட்டு நிறுவனம் வேறோர் ஊரில். இயந்திரம் செய்தவர் இன்னோர் ஊரில். கவுண்டர் ஆள் அனுப்பி அழைத்தால் அவர்கள் வரப்போவதில்லை. அப்போது விவசாயி இரண்டில் ஒன்றைச் செய்கிறார். 'போனது போகட்டும்' என்று நட்டத்தைத் தாங்கிக்கொள்கிறார். அல்லது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப்போய், எதிர்ப்பட்ட அலுவலகத்தில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். அந்த அலுவலகத்துக்கு அந்தக் குறையைத் தீர்க்கும் அதிகாரமே இல்லாமற்போனால் அந்த நாளும் வீண், அந்தக் காகிதமும் வீண்.

சட்டம் சிறு விவசாயிக்குப் பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. எந்தக் குறைக்கு எந்தக் கதவு, எத்தனை நாளுக்குள் தட்டவேண்டும், கையில் என்ன இருக்கவேண்டும் என்ற மூன்றையும் அறிந்துகொண்டால் பாதி வழக்கு வென்றதற்குச் சமம்.

சேவை என்பது எது?

கட்டணம் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ பிறரிடம் பெறும் வேலை, வசதி ஆகியவற்றைச் சட்டம் 'சேவை' என்கிறது. வங்கிக் கடன், காப்பீடு, கிடங்கில் விளைபொருளை வைப்பது, சரக்கு லாரி, மின்சாரம், இயந்திரப் பழுதுபார்ப்பு, ஆழ்துளைக் கிணறு தோண்டுவது, தனியார் மருத்துவமனைச் சிகிச்சை ஆகிய யாவும் இதில் அடங்கும். ஒப்புக்கொண்டபடியோ சட்டப்படியோ செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும், அரைகுறையாகச் செய்வதும், தாமதப்படுத்துவதும் 'சேவைக் குறைபாடு' ஆகும். கட்டணம் எதுவும் பெறாமல் எல்லோருக்கும் இலவசமாகச் செய்யப்படும் சேவை பொதுவாக இதில் சேராது.

விவசாயி நுகர்வோர் ஆவாரா?

"நீங்கள் விளைவித்து விற்கிறீர்கள், ஆகவே வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்ற வாதம் விவசாயிக்கு எதிராகப் பலமுறை சொல்லப்பட்டது. இந்த வாதம் இன்று நிற்காது.

ஆந்திர விவசாயிகள் வாங்கிய விதை குறைபாடுள்ளது என்ற வழக்கில், தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்புக் கூறியது. விதைச் சட்டம் 1966-இல் தனியாக இருக்கிறது என்றும், ஒப்பந்தத்தில் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி உள்ளது என்றும், விவசாயிகள் வணிக நோக்கில் வாங்கியவர்கள் என்றும் கழகம் வாதிட்டது. மூன்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. விவசாயி வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவார், ஆய்வுக்கென்று மிச்சம் வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. விதை நிறுவனத்திடம் மாதிரி இருக்குமே, அதை அனுப்பியிருக்கலாமே என்பது அதன் விளக்கம். 1998-ஆம் ஆண்டிலேயே ஒரு சூரியகாந்தி விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கருத்தைக் கூறியிருந்தது.

கிடங்குக்கும் காப்பீட்டுக்கும் வழிகாட்டியாக 2020 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. கர்நாடகத்தில் விவசாயிகள் தங்கள் விளைபொருளைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, அதன் ஈட்டில் வங்கியில் கடன் பெற்றிருந்தார்கள். 2014 ஜனவரியில் கிடங்கு தீக்கிரையானது. காப்பீட்டு ஒப்பந்தம் கிடங்கோடு செய்யப்பட்டது, விவசாயிகளோடு அல்ல என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. காப்பீட்டின் பயனுக்கு உரியவர்கள் விவசாயிகளே, அவர்கள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டாலும் பயன்பெறவேண்டியவர் கேட்கலாம் என்பதே இதன் சாரம்.

இயந்திரம் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். பிறருக்கு விற்றுச் சம்பாதிப்பதற்காக வாங்கினால் நுகர்வோர் அல்ல. ஆனால் தன் உழைப்பால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கியவரை நுகர்வோராகவே சட்டம் கருதுகிறது. சாமை, தினை குத்தும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தானும் தன் குடும்பமுமாக ஓட்டிப் பிழைப்பவர் இந்தப் பாதுகாப்புக்கு உரியவர்.

கூட்டுறவுச் சங்கத்தோடு வழக்கு

தமிழக விவசாயிகள் அவசியம் அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்கத்தில் உறுப்பினர்கள் சிலர் நெல் மூட்டைகளை அடகு வைத்துக் கடன் பெற்றார்கள். பின்னர் தகராறு ஏற்பட்டது. கடனைப் பெற்றுக்கொண்டு மூட்டைகளைத் திருப்பித்தர வேண்டும், இல்லையேல் அவற்றின் சந்தை மதிப்பைத் தரவேண்டும், மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டும் என்று அவர்கள் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை நாடினார்கள். சங்கமோ, "1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் உள்ள தகராறு பதிவாளரிடம்தான் போகவேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமே இல்லை" என்று வாதிட்டது.

மாவட்ட மன்றம் மன உளைச்சலுக்கு இழப்பீடு தரவில்லை. ஆனால் கடனையும் வட்டியையும் செலுத்தினால் மூட்டைகளைத் திருப்பித்தர வேண்டும், தவறினால் அவற்றின் மதிப்பை 12 சதவீத வட்டியோடு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. மாநில ஆணையம், மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அதை மாற்றியது. தேசிய ஆணையம், அதிகாரம் உண்டு என்றது. கடைசியாக 2003 டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களுக்கு மாற்றாக வந்ததன்று; அவற்றோடு கூடுதலாக வந்தது; ஆகவே கூட்டுறவுச் சட்டத்தில் ஒரு வழி இருப்பதனால் நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கிலிருந்து விவசாயிகள் கற்கவேண்டிய பாடங்கள் மூன்று.

ஒன்று: ஓரிடத்தில் வழி இருக்கிறது என்பதற்காக மற்ற வழி மூடப்பட்டதாகக் கருதவேண்டாம். 'இங்கே வராதே, அங்கே போ' என்று எதிர்தரப்பினர் சொன்னால் அது அவர்கள் வாதமே தவிர, தீர்ப்பு அன்று.

இரண்டு: மூட்டையைத் திருப்பித்தரச் சொன்ன மன்றம் கடனைத் தள்ளுபடி செய்துவிடவில்லை. கடனையும் வட்டியையும் கட்டச்சொல்லியே உத்தரவிட்டது. தன் கடமையைச் செய்ய ஆயத்தமாக இருப்பவருக்கே சட்டம் துணை நிற்கிறது.

மூன்று: கதவு எது என்ற ஒரே கேள்விக்காக வழக்கு நான்கு படிகள் ஏறியது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது அந்த உறுப்பினர்களில் ஒருவர் உயிரோடு இல்லை; வாரிசுகளே அவரிடத்தில் நின்றார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் பெற்றுத்தந்த விடை இன்று எல்லா விவசாயிகளுக்கும் பயன்படுகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மீண்டும் முதலிலிருந்து அலைவது வீண்.

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

மின்சாரம்: பழுது, குறைந்த மின்னழுத்தம், இணைப்புத் தாமதம், தவறான கணக்கீடு ஆகியவற்றை முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். தீராவிட்டால் மின் பகிர்மான வட்ட அளவிலுள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதிலும் மனநிறைவு இல்லையேல் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். இவ்விரண்டும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்தவை. ஆனால் முறைகேடாக மின்சாரம் பயன்படுத்தியதாகக் கூறி 126-ஆவது பிரிவில் விதிக்கப்படும் தொகையை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியுள்ளது. அதற்கு மின்சாரச் சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி உண்டு.

வங்கி: முதலில் கிளையில் எழுத்துமூலம் புகார் செய்து ஒப்புதல் பெறவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தாமதியாமல் முறையிடலாம். கட்டணம் இல்லை. வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கு எழுதினால் மனு திரும்பிவிடும்.

பயிர்க் காப்பீடு: பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல் போன்று ஒருசில வயல்களுக்கு மட்டும் நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். மலைச்சரிவில் பயிர் செய்வோர் இந்த 72 மணிக் கணக்கை மறக்கவே கூடாது. கடன் கணக்கில் பிரீமியம் பிடித்துக்கொண்ட வங்கி, தன் தவறால் அதை உரிய விவரங்களோடு அனுப்பாமல் விட்டு அதனால் விவசாயிக்கு இழப்பீடு கிடைக்காமற்போனால், அதற்கு வங்கியே பொறுப்பு என்று திட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஆகவே பிரீமியம் பிடித்த நாளையும் தொகையையும் பாஸ் புத்தகத்தில் பதிவு செய்து வாங்கவேண்டும்.

கூட்டுறவுச் சங்கம், கிடங்கு, தனியார் நிறுவனம், இயந்திரம், விதை, சரக்குப் போக்குவரத்து: இவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

வியாபாரி பணம் தராத வழக்கு: இதை விவசாயிகள் நன்கு பிரித்தறிய வேண்டும். மிளகையோ மரவள்ளியையோ வாங்கிக்கொண்டு வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தால் விவசாயி அங்கே நுகர்வோர் அல்ல, அவர் விற்றவர். நுகர்வோர் ஆணையம் இதை ஏற்காது. இதற்குச் சிவில் நீதிமன்றமே இடம். பாக்கி ஏற்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடவேண்டும். வியாபாரி கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். அவர் அதைப் பெற்ற 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யவேண்டும். இந்த நாள் கணக்கில் ஒன்று தவறினாலும் வழக்கு பலவீனமாகும்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்: மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் மாதந்தோறும் நடக்கும் இக்கூட்டத்தில் அரசுத் துறைகள் பற்றிய பல குறைகள் விரைவில் தீர்கின்றன. ஆனால் அது நீதிமன்றம் அன்று. தனியார் நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று அங்கே தீர்ப்புக் கூற இயலாது. அங்கே மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் வழக்குப் போடும் காலக்கெடு நின்றுவிடாது. மனு ஒரு பக்கம் இருக்கட்டும். காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடும் முறை

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. மலை விவசாயிக்கு இதில் பெரும் பயன் ஒன்று உண்டு. முன்பு, எதிர்தரப்பினர் இருக்கும் இடத்திலோ தகராறு எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. இப்போது புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் ஐதராபாத்தில் இருந்தாலும், கொல்லிமலை விவசாயி நாமக்கல் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.

முக்கிய விவரங்கள் வருமாறு:

1. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். கேட்கும் இழப்பீட்டை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை. கொடுத்த தொகையே கணக்கு.

2. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

3. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம்; ஆனால் அதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது.

4. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. புகார்தாரரே வாதாடலாம்.

5. இணையம் வழியாகவும் புகாரைப் பதிவு செய்யலாம். காணொலி மூலம் விசாரிக்கும்படியும் ஆணையத்திடம் மனுச் செய்யலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கும் செலவு இதனால் குறையும்.

6. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதி பெற்று ஒரே வழக்காகத் தொடரலாம். ஒரே ஊரில் பத்துப்பேர் ஒரே விதையால் நட்டப்பட்டிருந்தால் பத்துப்பேரும் தனித்தனியே அலையவேண்டியதில்லை.

7. எதிர்தரப்பினர் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்துள்ளது.

8. சமரசத்துக்கு இடமிருந்தால், இரு தரப்பும் இசைந்தால், ஆணையமே வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பலாம்.

9. தீர்ப்பில் மனநிறைவு இல்லையேல் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தரும்படி உத்தரவிடப்பட்ட தரப்பினர் அதில் பாதியைக் கட்டிய பிறகே மேல்முறையீடு செய்ய முடியும்.

10. உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத, 1 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

மூன்று மாதத்தில், ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதுண்டு. ஆகையால் பொறுமையும் வேண்டும். வழக்குக்கு முன் பேசித் தீர்க்க விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இலவசச் சட்ட உதவி

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அவர்களுடைய வருமானத்தைக் கணக்கிடாமல் இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. கொல்லிமலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே மலையிலுள்ள பெரும்பாலான விவசாயிகள், சாதிச் சான்றிதழைக் காட்டி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். நீதிமன்றத்துக்கு மட்டுமின்றி ஆணையங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் இந்த உதவி உண்டு. உதவி எண் 15100.

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதே. இரு தரப்பும் இசைந்து முடிவுக்கு வந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வியாபாரி தரவேண்டிய பாக்கி போன்றவற்றை வழக்குப் போடுவதற்கு முன்பே இங்கு பேசி முடிக்கலாம். ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்துப் பழகிய மலை மக்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் மேல்முறையீடு இல்லாததால், முழு மனநிறைவு ஏற்பட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

வழக்கு பிறக்கும் முன்பே செய்யவேண்டியவை

சேவையைப் பெறும் நாளிலேயே சான்றைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். தகராறு வந்த பிறகு கேட்டால் எந்தக் கடையும் பழைய தேதியிட்டு ரசீது தராது.

- பணம் கொடுத்தால் ரசீது வாங்கவேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தருவது போதாது. கடையின் பெயர், தேதி, பொருளின் விவரம், தொகை, கையெழுத்து இருக்கவேண்டும்.
- விதைப் பையையும், அதில் தைத்துள்ள அட்டையையும், ஒரு கைப்பிடி விதையையும் அறுவடை வரை வைத்திருக்கவேண்டும். மிச்சம் வைக்கவில்லை என்பதற்காக வழக்கு தோற்றுவிடாது. வைத்திருந்தால் வழக்கு வலுப்பெறும்.
- முளைப்பு குறைந்தாலோ பயிர் மாறி வந்தாலோ பயிர் வயலில் இருக்கும்போதே வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, வயலாய்வு கேட்கவேண்டும். ஆய்வு நாளை விதை நிறுவனத்துக்கும் தெரிவிக்கச் செய்யவேண்டும். அறுத்து முடித்த பிறகு ஆய்வு செய்ய ஒன்றும் இராது.
- கிடங்கில் மூட்டை வைத்தால் எண்ணிக்கை, எடை, தரம், ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்த சீட்டு வாங்கவேண்டும். மிளகில் ஈரம் எவ்வளவு இருந்தது என்பது பதிவாகாவிட்டால், பூசணம் பிடித்ததற்கு யார் காரணம் என்று பின்னால் நிரூபிக்க முடியாது.
- இயந்திரத்தின் உத்தரவாத அட்டையில் வாங்கிய தேதியையும் கடையின் முத்திரையையும் அன்றே போட்டு வாங்கவேண்டும்.
- வாய்மொழிப் புகாருக்குச் சாட்சியம் இல்லை. எழுத்துமூலம் கொடுத்து, நகலில் ஒப்புதல் பெறவேண்டும்; அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு விவசாயி சாமை குத்தும் இயந்திரத்தை 1,20,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு உத்தரவாதம். மூன்றாம் மாதம் இயந்திரம் நின்றுவிடுகிறது. "மலைக்கு ஆள் அனுப்ப முடியாது, இயந்திரத்தைக் கீழே கொண்டுவாருங்கள்" என்கிறார் விற்றவர். உத்தரவாத அட்டையில் அப்படி ஒரு நிபந்தனை இல்லையென்றால் இது சேவைக் குறைபாடு. அவர் முதலில் செய்யவேண்டியது பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புவது. அதன் மாதிரி:

"ஐயா, ...... தேதியில் ...... எண்ணுள்ள ரசீதின்படி ...... ரூபாய் செலுத்தித் தங்களிடம் ...... இயந்திரம் வாங்கினேன். ஓர் ஆண்டு உத்தரவாதம் அளித்துள்ளீர்கள். ...... தேதி முதல் இயந்திரம் ஓடவில்லை. ...... தேதியில் தெரிவித்தும் பழுது நீக்கப்படவில்லை. இதனால் என் பிழைப்பு பாதிக்கப்பட்டுள்ளது. இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பழுதை நீக்கித் தரவேண்டும். இயலாவிட்டால் மாற்று இயந்திரமோ விலையோ தரவேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

பல தகராறுகள் இந்தக் கடிதத்தோடே முடிந்துவிடும். முடியாவிட்டால் கடிதத்தின் நகல், தபால் ரசீது, கொள்முதல் ரசீது, உத்தரவாத அட்டை ஆகியவற்றோடு நாமக்கல் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை.

கேட்கும் அளவு

நேர்ந்த நட்டத்தைக் கணக்கிட்டுக் கேட்கவேண்டும். ஓர் ஏக்கர் சாமைக்குப் பத்து லட்சம் இழப்பீடு கேட்டால் உண்மையான நட்டத்தின் மீதும் ஐயம் எழும். உழவுக் கூலி, விதை, எரு, களையெடுப்பு, முந்திய ஆண்டு விளைச்சல், அந்த ஆண்டுச் சந்தை விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவரும் விவசாயிக்கே நட்டத்தைக் காட்டுவது எளிது. மழை பொய்த்ததாலோ, பருவம் தவறி விதைத்ததாலோ விளைச்சல் குறைந்திருந்தால் அதை விதையின் மேல் போடவும் கூடாது. ஆணையம் அதைத்தான் முதலில் கேட்கும்.

கொல்லிமலையின் ஊர்க் கூட்டத்தில் இரு தரப்பும் நேரில் நின்று பேசியதால் காகிதம் தேவைப்படவில்லை. மலைக்குக் கீழே காகிதமே சாட்சி சொல்கிறது. ரசீதையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எரவாணத்தில் செருகிவைக்கும் விவசாயி, 70 வளைவுகளையும் இறங்கும் நாள் வந்தால், வெறுங்கையோடு இறங்கமாட்டார். விதை நெல்லைப் பாதுகாப்பது போல அந்தப் பையையும் எலிக்கும் மழைக்கும் தப்பவைத்துப் பாதுகாப்பது ஒவ்வொரு விவசாயக் குடும்பத்தின் கடமையாகும்.